பெயர்ப் பட்டியல் பிள்ளையைக் காக்குமா?

மாலை வகுப்பு. பாடம் முடியும் நேரம். ஓர் அம்மா எழுந்து நின்றார்.

"டீச்சர், எங்கள் தெருவுக்கு ஒருவர் புதிதாகக் குடிவந்திருக்கிறார். தனி ஆள். எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. என் பெண்ணுக்கு ஏழு வயது. நான் வேலைக்குப் போய்விடுகிறேன். பிள்ளை தெருவில்தான் விளையாடுகிறது. மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது."

பக்கத்தில் இருந்த பெரியவர் பேசினார்.

"அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி இருக்கிறதாம், அம்மா. தப்புச் செய்தவன் பெயர், படம், விலாசம் எல்லாம் போனிலேயே பார்க்கலாமாம். என் பேரன் சொன்னான். நம் ஊரிலும் அப்படி ஒரு பட்டியல் இருந்தால் பயமில்லாமல் இருக்கலாமே?"

டீச்சர் சொன்னார்: "நல்ல கேள்வி, ஐயா. அந்தப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். அதன் பிறகு, அது பிள்ளையைக் காக்குமா என்று பேசுவோம்."

அந்தக் கேள்விக்கான பாடம் இது.

1. பதிவேடு என்றால் என்ன?

பதிவேடு நமக்குப் புதிது அல்ல. குழந்தை பிறந்தால் பிறப்புப் பதிவேட்டில் பெயர் ஏறும். பள்ளியில் சேர்ந்தால் வருகைப் பதிவேட்டில் ஏறும். காவல் நிலையத்திலும் பழைய குற்றவாளிகளின் பட்டியல் உண்டு. அதில் பெயர் ஏறியவரைத்தான் ஊரில் 'கேடி' என்கிறார்கள். அந்தப் பட்டியலைக் காவலர்கள் வைத்திருப்பார்கள்.

அமெரிக்காவில் பாலியல் குற்றம் செய்தவர்களுக்கு என்று தனிப் பதிவேடு இருக்கிறது. அதன் ஒரு பகுதியைப் பொதுமக்களும் பார்க்கலாம். இதுதான் அதில் உள்ள புதுமை.

பாலியல் குற்றம் என்பது என்ன? ஒருவரது விருப்பம் இல்லாமல் அவரது உடலிடம் தவறாக நடந்துகொள்வது பாலியல் குற்றம். குழந்தையிடம் அப்படி நடந்தால் விருப்பம் என்ற பேச்சே இல்லை. குழந்தை 'சரி' என்று சொல்லியிருந்தாலும் அது குற்றம்தான்.

2. ஒரு சிறுமியின் சாவு

அமெரிக்காவில் 50 மாநிலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டமன்றம் உண்டு. தனிக் காவல்துறையும் உண்டு. குற்றவாளிகளின் பதிவேட்டையும் மாநில அரசுதான் நடத்துகிறது.

நியூ ஜெர்சி அவற்றில் ஒரு மாநிலம். 1994 ஜூலை மாதம் அங்கே ஒரு கொடுமை நடந்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை எதிர் வீட்டுக்காரர் அழைத்தார். நாய்க்குட்டி காட்டுகிறேன் என்று சொன்னார். சிறுமி போனாள். திரும்பி வரவில்லை. அவள் கொலை செய்யப்பட்டாள்.

அந்த எதிர் வீட்டுக்காரர் முன்பே இரண்டு முறை தண்டனை பெற்றவர். இரண்டும் சிறுமிகளுக்குச் செய்த பாலியல் குற்றங்கள். இது அந்தத் தெருவில் இருந்த பெற்றோருக்குத் தெரியாது.

"எங்களுக்குத் தெரிந்திருந்தால் பிள்ளையை எச்சரித்திருப்போமே" என்று பெற்றோர் கதறினார்கள். அழுததோடு அவர்கள் நிற்கவில்லை. சட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். மக்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று மாதத்தில் நியூ ஜெர்சியில் சட்டம் வந்தது. அந்தச் சிறுமியின் பெயரால் அதை 'மேகன் சட்டம்' என்று அழைக்கிறார்கள்.

'ஆபத்தான ஆள் பக்கத்தில் இருந்தால் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.' இதுதான் அந்தச் சட்டத்தின் கருத்து.

3. சட்டம் வளர்ந்த வழி

பட்டியல் ஒரே நாளில் வரவில்லை.

1947: கலிபோர்னியா மாநிலம் முதலில் பதிவேடு தொடங்கியது. அது காவலர்களுக்கு மட்டும்தான். மக்கள் பார்க்க முடியாது.

1990: வாஷிங்டன் மாநிலம் ஒரு சட்டம் செய்தது. ஆபத்தானவர் குடிவந்தால் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிக்கலாம் என்றது அந்தச் சட்டம்.

1994: நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. எல்லா மாநிலங்களும் பதிவேடு வைக்க வேண்டும் என்றது. இதற்கும் ஒரு குழந்தையின் பெயர்தான். 1989இல் மின்னசோட்டா மாநிலத்தில் 11 வயதுச் சிறுவன் கடத்தப்பட்டான். அவன் பெயரால் இது 'ஜேக்கப் வெட்டர்லிங் சட்டம்' ஆனது.

1996: மேகன் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. பதிவேட்டில் உள்ள தேவையான விவரங்களை மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணை வந்தது.

2006: இன்னும் கடுமையான சட்டம் வந்தது. யார் எத்தனை ஆண்டு பதிவு செய்ய வேண்டும் என்று அது வகுத்தது. எல்லா மாநிலப் பட்டியல்களையும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்கவும் இணையத்தில் வசதி வந்துவிட்டது.

இன்று அமெரிக்காவில் இந்தப் பட்டியல்களில் 7 லட்சம் பேருக்கும் மேல் இருக்கிறார்கள்.

4. பெயர் எப்படி ஏறுகிறது?

ஒருவர் மீது புகார் வந்தால் மட்டும் பெயர் ஏறாது. சந்தேகம் வந்தாலும் ஏறாது. குற்றம் செய்தார் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பெயர் ஏறும்.

சிறையிலிருந்து வெளியே வரும்போது அவர் தன் விவரங்களைத் தர வேண்டும். பெயர், வீட்டு விலாசம், வேலை செய்யும் இடம், வண்டி எண் எல்லாம் எழுதப்படும். படம் எடுப்பார்கள். கைரேகையும் எடுப்பார்கள்.

பிறகு குறித்த காலத்துக்கு ஒரு முறை அவர் நேரில் வர வேண்டும். விவரங்கள் சரிதான் என்று உறுதி சொல்ல வேண்டும். வீடு மாறினால் சொல்ல வேண்டும். வேலை மாறினாலும் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் அதுவே புதுக் குற்றம். அதற்கும் சிறை உண்டு.

2006 சட்டம் குற்றத்தைப் பார்த்து மூன்று படிகள் வகுத்தது.

முதல் படி: 15 ஆண்டுகள் பதிவு. ஆண்டுக்கு ஒரு முறை நேரில் வர வேண்டும்.

இரண்டாம் படி: 25 ஆண்டுகள் பதிவு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும்.

மூன்றாம் படி: ஆயுள் முழுவதும் பதிவு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும்.

5. மாநிலத்துக்கு மாநிலம் வேறு

மத்திய அரசு சொன்னபடி எல்லா மாநிலங்களும் செய்கின்றனவா? இல்லை. செய்யாத மாநிலத்துக்கு மத்திய அரசு தரும் ஒரு நிதியில் 10 சதவீதம் குறையும். ஆனாலும் பல மாநிலங்கள் அந்தச் சட்டத்தை முழுமையாக ஏற்கவில்லை. தங்கள் வழியிலேயே போகின்றன. இரண்டு மாநிலங்களைப் பார்ப்போம்.

கலிபோர்னியா: பதிவு செய்ய வேண்டியவர் ஆண்டுதோறும் தன் பிறந்த நாளை ஒட்டிக் காவல்துறையிடம் போக வேண்டும். பிறந்த நாளிலிருந்து ஐந்து வேலை நாட்களுக்குள் போய்விட வேண்டும். வீடு மாறினாலும் ஐந்து வேலை நாள்தான் கெடு. வீடே இல்லாதவர் 30 நாளுக்கு ஒரு முறை போக வேண்டும். முன்பு எல்லாருக்கும் ஆயுள் முழுவதும் பதிவுதான். 2021 முதல் அது மாறியது. குற்றத்தைப் பொறுத்து 10 ஆண்டு, 20 ஆண்டு, ஆயுள் என்று மூன்று வகை வந்தது. காலம் முடிந்தவர் நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம். நீதிமன்றம் ஏற்றால் பெயர் நீங்கும்.

நியூ ஜெர்சி: இங்கே செய்த குற்றத்தை மட்டும் பார்ப்பதில்லை. மறுபடி குற்றம் செய்யக்கூடியவரா என்றும் அரசு வழக்கறிஞர் கணக்குப் பார்க்கிறார். ஆபத்துக் குறைவு என்றால் விவரம் காவலர்கள் அளவில் நிற்கும். ஆபத்து நடுத்தரம் என்றால் பள்ளிகளுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் சொல்வார்கள். ஆபத்து மிக அதிகம் என்றால் காவலர்கள் அந்தப் பகுதியில் வீடு வீடாகப் போய்ச் சொல்வார்கள். தன்னைப் பற்றிய கணிப்பு தவறு என்று ஒருவர் நினைத்தால் நீதிபதியிடம் முறையிடலாம்.

ஆக, ஒரே குற்றம் செய்த இருவரில் ஒருவர் பெயர் ஊருக்கே தெரியும். இன்னொருவர் பெயர் காவலர்களுக்கு மட்டும் தெரியும். அவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

6. பட்டியலின் மறுபக்கம்

பெரியவர் கேட்டார்: "இருக்கட்டுமே டீச்சர். தப்புச் செய்தவன் பெயர் வெளியே தெரிந்தால் என்ன கெட்டுப்போகும்?"

அதையும் பார்ப்போம்.

மெய்ன் என்று ஒரு மாநிலம். 2006 ஏப்ரலில் 20 வயது இளைஞன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து அங்கே வந்தான். இணையத்தில் இருந்த பட்டியலைப் பார்த்தான். விலாசங்களைக் குறித்துக்கொண்டான். இருவரை அவர்கள் வீட்டிலேயே சுட்டுக் கொன்றான். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டான். அவனுக்கும் இறந்தவர்களுக்கும் எந்தப் பகையும் இல்லை.

இறந்தவர்களில் ஒருவருக்கு வயது 24. அவர் பெயர் ஏன் பட்டியலில் இருந்தது? முன்பு அவர் தன் காதலியோடு உறவு கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு 16 வயது நிறையச் சில நாட்களே இருந்தன. சட்டப்படி அது குற்றம். ஆனால் பட்டியலைப் பார்த்து வந்தவன் கதையைக் கேட்கவில்லை. விலாசத்தை மட்டும் பார்த்தான்.

இன்னொன்று. ஃபுளோரிடா மாநிலத்தில் மயாமி என்று ஒரு நகரம். குழந்தைகளிடம் குற்றம் செய்தவர்கள் பள்ளியிலிருந்து 2,500 அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்று அங்கே விதி வந்தது. அது முக்கால் கிலோமீட்டர் தூரம். நகரத்தில் எங்கே திரும்பினாலும் ஒரு பள்ளி. அதனால் அவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை. பலர் கடலை ஒட்டிய பாலம் ஒன்றின் அடியில் போய்க் கூடாரம் போட்டார்கள். 2010 வரை அங்கே வாழ்ந்தார்கள். வீடும் வேலையும் இல்லாத மனிதரைக் கண்காணிப்பது எளிதா? அவர் திருந்தி வாழ்வதுதான் எளிதா? நாமே யோசித்துப் பார்க்கலாம்.

இந்தப் பட்டியல் நியாயம்தானா என்று வழக்கும் நடந்தது. அலாஸ்கா மாநிலத்தின் பட்டியலைப் பற்றிய வழக்கு அது. 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 'பட்டியல் தண்டனை அல்ல. மக்கள் பாதுகாப்புக்கான செய்தி' என்பது தீர்ப்பின் கருத்து. எனவே பட்டியல்கள் நீடிக்கின்றன. அதே நேரம், பட்டியலைப் பார்த்து யாரையும் துன்புறுத்தினால் அது குற்றம் என்று கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் பட்டியலோடு சேர்த்தே எச்சரிக்கின்றன.

7. பட்டியலில் இல்லாதவர் யார்?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். பட்டியலைப் பார்த்துவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து இல்லை என்று இருந்துவிடலாமா?

2000இல் அமெரிக்க நீதித்துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. காவல்துறைக்கு வந்த பாலியல் குற்றப் புகார்களைக் கணக்கெடுத்தார்கள். பாதிக்கப்பட்ட சிறுவர் சிறுமியர் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். குற்றம் செய்தவர் யார்?

34 பேருக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

59 பேருக்கு முன்பே அறிமுகமானவர்.

7 பேருக்கு மட்டும் முன்பின் தெரியாதவர்.

நம் நாட்டிலும் இதே கதைதான். குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளை அரசு ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர்தான். உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர், பாடம் சொல்லித் தருபவர் என்று இப்படி யாராவது ஒருவர். வேலியே பயிரை மேய்ந்த கதை என்பது இதுதான்.

அவர்களில் பலர் அதற்கு முன் தண்டனை பெறாதவர்கள். தண்டனை பெறாதவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

மின்னசோட்டாச் சிறுவனை நினைத்துப் பாருங்கள். முதல் தேசியச் சட்டத்துக்குப் பெயர் தந்த பிள்ளை அவன். அவனைக் கொன்றவர் யார் என்பது 27 ஆண்டுகள் கழித்து, 2016இல்தான் உறுதியானது. அவர் 1989இல் வேறொரு சிறுவனையும் கடத்திக் கெடுதல் செய்தவர். ஆனால் அதற்காக அவர் தண்டனை பெறவில்லை. அன்றைக்குப் பட்டியல் இருந்திருந்தாலும் அதில் அவர் பெயர் இருந்திருக்காது.

அந்தச் சிறுவனின் தாய் சட்டத்துக்காகப் போராடியவர். பட்டியல் அளவு மீறிப் போய்விட்டதோ என்று பின்னாளில் அவரே கேள்வி எழுப்பினார்.

பட்டியலால் பயனே இல்லையா? உண்டு. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைப் பார்த்தது. குற்றவாளியின் விவரம் காவலர்களிடம் இருந்தால், அவருக்குத் தெரிந்தவர்கள் மீது நடக்கும் குற்றங்கள் குறைகின்றன என்று அது கண்டது. ஆனால் பெயரை ஊருக்கெல்லாம் அறிவித்ததால், பட்டியலில் உள்ளவர்கள் மறுபடி குற்றம் செய்வது குறைந்ததாக அது காணவில்லை.

8. நம் நாட்டில் என்ன இருக்கிறது?

நம் நாட்டிலும் ஒரு பதிவேடு உண்டு. 2018 செப்டம்பர் 20 அன்று அது தொடங்கியது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் அதை வைத்திருக்கிறது. தொடங்கும்போதே அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. பெயர், விலாசம், படம், கைரேகை எல்லாம் உண்டு. எந்த மாநிலக் காவலரும் தேடிப் பார்க்கலாம். பொதுமக்கள் பார்க்க முடியாது.

"அப்படியானால் நாமே ஒரு பட்டியல் போட்டால் என்ன? போனில் அனுப்பினால் ஊரே தெரிந்துகொள்ளுமே?" என்று சிலர் கேட்கலாம். அது பெரிய ஆபத்து.

மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டம். அங்கே ராயின்பாடா என்று ஒரு கிராமம். 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று போனில் வதந்தி பரவியது. ஜூலை 1ஆம் தேதி ஐந்து பேர் அந்தக் கிராமத்துக்கு வந்தார்கள். ஊரார் அவர்களைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்தார்கள். அடித்தே கொன்றார்கள். இறந்தவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் ஏழைகள். அவர்கள் பிள்ளை பிடிக்க வரவில்லை.

போனில் வருவது பட்டியல் ஆகாது. தீர்ப்பும் ஆகாது. சந்தேகம் இருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடம் காவல் நிலையம்.

9. நம் கையில் என்ன இருக்கிறது?

பட்டியல் நம் கையில் இல்லை. ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அதன் பெயர் போக்சோ சட்டம். 2012 நவம்பர் 14 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 18 வயது ஆகாத எல்லாரையும் அது காக்கிறது. பெண் பிள்ளையை மட்டும் அல்ல, ஆண் பிள்ளையையும் காக்கிறது.

அந்தச் சட்டம் சொல்வது இது:

• குழந்தைக்கு இப்படி ஒரு தீங்கு நடந்தது என்று தெரிந்தால், தெரிந்தவர் காவலர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம்.

• நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. பகை வைத்துக்கொண்டு பொய்ப் புகார் கொடுத்தால் தண்டனை உண்டு.

• குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, குழந்தைக்குப் பிடித்த இடத்திலோ வாங்க வேண்டும். கூடிய மட்டும் பெண் அதிகாரி வாங்க வேண்டும். அவர் காக்கி உடையில் வரக் கூடாது.

• குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

• பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். தாயோ, குழந்தை நம்பும் வேறொருவரோ கூட இருக்கலாம்.

• குழந்தையின் பெயர், படம், பள்ளி, விலாசம் எதையும் பத்திரிகை வெளியிடக் கூடாது.

இந்தச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளில் இன்னொன்றும் உண்டு. குழந்தைகளோடு பழகும் இடங்களில் வேலை செய்யும் எல்லாரைப் பற்றியும் காவல்துறை மூலம் விசாரித்து வைக்க வேண்டும். பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி நிலையம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆசிரியர் முதல் ஒப்பந்த ஊழியர் வரை எல்லாரும் இதில் அடக்கம். இங்கேதான் பழைய பதிவு நமக்குப் பயன்படுகிறது. பெற்றோர் கூட்டத்தில் நாம் தலைமை ஆசிரியரிடம் தைரியமாகக் கேட்கலாம்: "எல்லாரையும் பற்றி விசாரித்துவிட்டீர்களா?"

உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது. குழந்தைகளுக்கான எண் அது. இரவு பகல் எப்போதும் அழைக்கலாம். காசு கிடையாது. குழந்தையே அழைக்கலாம். அவசரம் என்றால் 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். நாம் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்களா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம்.

10. மீண்டும் வகுப்பில்

அந்த அம்மா கேட்டார்: "அப்படியானால் எங்கள் தெருவுக்கு வந்த அந்த மனிதர்?"

டீச்சர் சொன்னார்: "புதிதாகக் குடிவருவது குற்றம் இல்லையே, அம்மா. நாமும் ஒரு நாள் எங்காவது புதிதாகக் குடிபோனவர்கள்தானே? அவரோடு நாலு வார்த்தை பேசுங்கள். எந்த ஊர், என்ன வேலை என்று கேளுங்கள். தெருவில் எல்லாரும் பழகினால் யாரும் மறைந்திருக்க முடியாது. ஆனால் அவரை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். நீங்கள் வேலைக்குப் போன பிறகு பிள்ளை யாரோடு இருக்கிறாள்?"

"பக்கத்து வீட்டில் இருப்பாள். சில நாள் சொந்தக்காரர் வீட்டில்."

"அங்கே யார் யார் வந்து போகிறார்கள்?"

அம்மா யோசித்தார். "எல்லாம் தெரிந்தவர்கள்தான். நான் கேட்டதே இல்லை."

"இனிமேல் கேளுங்கள். சந்தேகப்பட்டுச் சண்டை போட வேண்டாம். பிள்ளையிடம் தினமும் பேசுங்கள். இன்றைக்கு என்ன விளையாடினாய், யாரோடு பேசினாய் என்று கேளுங்கள். உடம்பில் உடை மூடும் இடங்களை யாரும் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். குளிப்பாட்டும் அம்மாவும், அம்மா கூட இருக்கும்போது மருத்துவரும் தவிர, வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால் 'வேண்டாம்' என்று கத்த வேண்டும். ஓடி வர வேண்டும். வந்து சொல்ல வேண்டும். மாமா, தாத்தா, அண்ணன், வாத்தியார் யாராக இருந்தாலும் இதுதான். 'அம்மாவிடம் சொல்லாதே' என்று யாராவது சொன்னால், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்."

ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் மெதுவாகப் பேசினார்.

"சொன்னால் நம்ப வேண்டுமே, டீச்சர். நான் சின்ன வயதில் சொன்னேன். பெரியவரைப் பற்றி அப்படிப் பேசாதே என்று வாயை மூடிவிட்டார்கள். அதன் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை."

வகுப்பு அமைதியானது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்றைக்கு நீ சொன்னது சரி, தங்கச்சி. கேட்காமல் போனது அவர்கள் தப்பு. உன் தப்பு எதுவும் இல்லை" என்றார்.

பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "பட்டியல் காவலரிடம் இருக்கட்டும். அது அவர்கள் வேலைக்கு உதவும். ஆனால் பட்டியலில் ஏறாத பெயர் முதலில் ஒரு பிள்ளையின் வாயிலிருந்துதான் வரும். அந்தப் பிள்ளை சொல்லும்போது நம்ப ஓர் ஆள் வேண்டும்."

பெரியவர் நிமிர்ந்தார். "இன்றைக்கே என் பேத்தியிடம் பேசுகிறேன். பேரனிடமும் பேசுகிறேன்" என்றார்.

அந்த அம்மா நோட்டைத் திறந்தார். பெரிய எழுத்தில் 1098 என்று எழுதிக்கொண்டார்.

நினைவில் வைப்போம்

• அமெரிக்காவில் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டை மாநிலங்கள் நடத்துகின்றன. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

• நீதிமன்றம் தண்டித்தவர் பெயர்தான் அதில் ஏறும்.

• நம் நாட்டுப் பதிவேட்டைக் காவல்துறை பார்க்கலாம். மக்கள் பார்க்க முடியாது.

• பிள்ளைக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் தெரிந்தவர்தான்.

• பிள்ளை சொன்னால் நம்புவோம். 1098 எண்ணை அழைப்போம். காவல் நிலையத்தில் சொல்வோம்.

பேசிப் பார்ப்போம்

1. குற்றவாளிகளின் பட்டியலை எல்லாரும் பார்க்கலாமா? காவலர் மட்டும் பார்த்தால் போதுமா? உங்கள் கருத்து என்ன?

2. மெய்ன் மாநிலத்தில் நடந்ததும் ராயின்பாடாவில் நடந்ததும் எதில் ஒத்திருக்கின்றன?

3. உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஊழியர்களைப் பற்றி விசாரித்திருக்கிறார்களா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எப்படிக் கேட்பீர்கள்? இரண்டு வரி எழுதுங்கள்.

4. உங்கள் பிள்ளை 'ஒன்று சொல்ல வேண்டும்' என்று வந்தால், நீங்கள் முதலில் என்ன சொல்வீர்கள்?